ஆண்களின் உடையாக இருந்த ‘ஸ்டாக்கிங்ஸ்’ மீண்டும் ஆண்களிடம் திரும்புவது ஏன்? வரலாறும் மருத்துவமும் கூறுவது என்ன?

புது டெல்லி: மெல்லிய நைலான் இழையில் நெய்யப்பட்டு, பாதம் முதல் இடை வரை கால்களோடு ஒட்டிக்கொள்ளும் ‘டைட்ஸ்’, ‘ஸ்டாக்கிங்ஸ்’ போன்ற காலுறை ஆடைகள் பெண்களுக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் உலகின் பெரும்பாலான நாடுகளில் வேரூன்றியுள்ளது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்களில் ஒரு சிறு பகுதியினர் இவற்றை அன்றாட உடையாகவே அணியத் தொடங்கியுள்ளனர். சிலர் அலுவலகக் காற்சட்டையின் உள்ளே குளிருக்காக அணிகின்றனர். சிலர் கால் வலிக்காகவும், வேறு சிலர் அரைக்காற்சட்டையுடன் பிறர் பார்க்கும்படி அழகுக்காகவும் அணிகின்றனர்.

இதனைப் புதுமை என்றும், விபரீதம் என்றும் விமர்சிப்போர் உண்டு. எனினும், இந்த ஆடையின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் காலுறையைப் பிறர் காணும்படி அணிந்தவர்கள் ஆண்களே. மன்னர்களும் வீரர்களும் அதனைப் பெருமையாகக் கருதினர். அந்த ஆடை ஆண்களிடமிருந்து எவ்வாறு விலகியது, இப்போது ஏன் திரும்புகிறது, நாள்தோறும் மணிக்கணக்கில் நின்று பணியாற்றும் இந்திய ஆண்களின் உடல்நலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

‘ஹோசியரி’ என்றால் என்ன?

இந்தியாவில் ‘ஹோசியரி’ என்றவுடன் பனியன், ஜட்டி உள்ளிட்ட பின்னலாடைகளே நினைவுக்கு வரும். திருப்பூர், லூதியானா, கொல்கத்தா ஆகிய நகரங்களின் பின்னலாடைத் தொழில் இச்சொல்லாலேயே அறியப்பட்டு வந்துள்ளது. ஆனால், இச்சொல்லின் வேர் ‘ஹோஸ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லாகும். கால்களை மூடும் உடை என்பதே அதன் பொருள். காலுறைகளைப் பின்னிய அதே தொழில்நுட்பத்தில் பின்னர் உள்ளாடைகளும் தயாரிக்கப்பட்டதால், பெயர் விரிந்து பின்னலாடை முழுவதையும் குறிக்கலாயிற்று.

மேலை நாடுகளில் இன்றும் ஹோசியரி என்பது கால்களுக்கான ஆடைகளையே குறிக்கிறது. கணுக்கால் வரையிலான சாக்ஸ், முழங்கால் வரையிலான நீள சாக்ஸ், தொடை வரை தனித்தனியாக அணியும் ஸ்டாக்கிங்ஸ், இடை வரை ஒரே ஆடையாக அமைந்த டைட்ஸ் அல்லது பேன்டிஹோஸ் ஆகியவை இதில் அடங்கும். பாதப் பகுதி இல்லாத லெக்கிங்ஸும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவற்றின் தடிமன் ‘டெனியர்’ என்ற அலகால் குறிக்கப்படுகிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர் அளவு. 10 முதல் 20 டெனியர் வரையிலானவை தோல் தெரியுமளவுக்கு மெல்லியவை. 40 டெனியருக்கு மேற்பட்டவை படிப்படியாக ஒளி ஊடுருவாத தன்மையைப் பெறுகின்றன. ஆகவே, பெயர் ஒன்றாக இருந்தாலும் 15 டெனியர் டைட்ஸும் 100 டெனியர் டைட்ஸும் தோற்றத்திலும் பயன்பாட்டிலும் வெவ்வேறு ஆடைகளே.

ஆண்களின் கால்கள் போற்றப்பட்ட காலம்

இடைக்கால ஐரோப்பாவில் ஆண்களின் கால்களுக்குத் தனித்தனி உறைகளே இருந்தன. 14ஆம் நூற்றாண்டில் ஆண்களின் மேலங்கி குட்டையாகத் தொடங்கியதும் கால்கள் வெளியே தெரிந்தன. அதற்கேற்ப உறைகள் தொடை வரை நீண்டு, மேலங்கியுடன் கயிறுகளால் முடிச்சிடப்பட்டன. பின்னர் இரண்டு உறைகளும் பின்புறம் ஒன்றாகத் தைக்கப்பட்டு, ஏறக்குறைய இன்றைய டைட்ஸின் வடிவத்தைப் பெற்றன. ஒரு காலுக்குச் சிவப்பு, மறு காலுக்குப் பச்சை என இரு வண்ணங்களில் அணிவதும் அக்காலத்து நாகரிகமாக இருந்தது.

அதே காலகட்டத்தில்தான் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட், ‘ஆர்டர் ஆஃப் தி கார்ட்டர்’ என்ற வீரர் அமைப்பை 1348ஆம் ஆண்டு வாக்கில் நிறுவினார். பிரிட்டனின் மிக உயரிய அரச விருதுகளுள் ஒன்றாக இன்றும் அது வழங்கப்படுகிறது. ‘கார்ட்டர்’ என்பது காலுறை நழுவாமல் இருக்க முழங்காலின் கீழ் கட்டப்படும் பட்டையைக் குறிக்கும். ஒரு நாட்டின் உயரிய வீர விருதுக்கே காலுறைப் பட்டையின் பெயர் சூட்டப்பட்டது, அந்த ஆடை அன்றைய ஆண்களிடம் பெற்றிருந்த மதிப்பைக் காட்டுகிறது.

மன்னர் எட்டாம் ஹென்றி தமது கெண்டைக்கால் அழகைக் குறித்துப் பெருமிதம் கொண்டவர். 1515ஆம் ஆண்டில் அவரைச் சந்தித்த வெனிஸ் நாட்டுத் தூதரிடம் பிரெஞ்சு மன்னரின் கால்கள் எப்படி இருக்கும் என்று விசாரித்த அவர், தமது காலைக் காட்டிப் பெருமை பேசியதாகத் தூதரின் குறிப்பு கூறுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் வரும் மல்வோலியோ என்ற ஆண் பாத்திரம், தான் விரும்பும் சீமாட்டியைக் கவர மஞ்சள் நிறக் காலுறை அணிந்து வந்து நகைப்புக்கு இடமாகிறது. அவர் ஆணாக இருந்தும் காலுறை அணிந்தார் என்பதற்காக எவரும் சிரிக்கவில்லை. அந்த நிறமும், பட்டைகளைக் குறுக்காகக் கட்டிய விதமுமே நகைப்புக்குக் காரணம்.

பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியை ஓவியர் ஹயசிந்த் ரிகோ 1701ஆம் ஆண்டில் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 60 வயதைக் கடந்த மன்னர், அரச மேலங்கியை ஒதுக்கி, வெண்பட்டுக் காலுறை அணிந்த கால்களை முன்வைத்து நிற்கும் காட்சி அதில் இடம்பெற்றுள்ளது. 18ஆம் நூற்றாண்டில் மெலிந்த கால்களை உடைய ஆண்கள், காலுறைக்குள் பஞ்சுத் திண்டுகளை வைத்துப் பொய்க் கெண்டைக்கால் அமைத்துக்கொண்டதும் உண்டு.

ராணி மறுத்த இயந்திரம்

ஆண்களும் பெண்களும் ஒருசேர அணிந்ததால் காலுறைகளின் தேவை மிகுந்தது. கையால் பின்னும் வேகம் அதற்குப் போதவில்லை. 1589ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற மதகுரு, காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வாதாரம் பறிபோகும் என்ற அச்சத்தால் ராணி முதலாம் எலிசபெத் அதற்குக் காப்புரிமை வழங்க மறுத்ததாகக் கூறப்படுகிறது.

லீ பிரான்ஸ் சென்று மன்னர் நான்காம் ஹென்றியின் ஆதரவைப் பெற்றார். 1610இல் அம்மன்னர் கொல்லப்பட்டதும் அந்த ஆதரவும் முடிவுக்கு வந்தது. பின்னர் லீயின் சகோதரர் இங்கிலாந்து திரும்பி இத்தொழிலைத் தொடர்ந்தார். நாளடைவில் நாட்டிங்ஹாம் வட்டாரம் காலுறைத் தொழிலின் மையமாக உருவெடுத்தது. கூலிக் குறைப்பை எதிர்த்து இயந்திரங்களை உடைத்த ‘லுடைட்’ கிளர்ச்சி 1811இல் தொடங்கியதும் இப்பகுதிக் காலுறைத் தொழிலாளர்களிடம்தான். இன்று திருப்பூரில் இயங்கும் நவீனப் பின்னல் இயந்திரங்களின் தொழில்நுட்ப வேரும் லீயின் இயந்திரம் வரை நீள்கிறது.

ஆண்கள் கைவிட்டது ஏன்?

காலுறை வெளியே தெரிய வேண்டுமானால் காற்சட்டை குட்டையாக இருக்க வேண்டும். முழங்கால் வரையிலான ‘ப்ரீச்சஸ்’ காற்சட்டையும் பட்டுக் காலுறையும் பிரெஞ்சுப் பிரபுக்களின் அடையாளமாக இருந்தன. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது, உழைக்கும் மக்களைச் சேர்ந்த புரட்சியாளர்கள் ‘சான்ஸ்-குலோட்’ என அழைக்கப்பட்டனர். ‘குட்டைக் காற்சட்டை அணியாதோர்’ என்பது அதன் பொருள். அவர்கள் அணிந்தது கணுக்கால் வரை நீண்ட முழுக்காற்சட்டை. பட்டுக் காலுறை அணிவது பிரபுத்துவத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டதால், அரசியலே உடையை மாற்றியது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பியூ பிரம்மெல் என்ற நாகரிக முன்னோடி, அடர்நிற மேலங்கி, எளிய முழுக்காற்சட்டை என்ற பாணியைப் பரப்பினார். தொழிற்புரட்சி உருவாக்கிய வணிகர்களுக்கும் அலுவலர்களுக்கும் இந்த அடக்கமான தோற்றம் பொருந்தியது. அலங்காரத்தை ஆண்கள் ஒட்டுமொத்தமாகத் துறந்த இந்த மாற்றத்தை, ‘மாபெரும் ஆண் துறவு’ என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஜே.சி. ஃப்ளூகல் 1930இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டார். ஆண்களின் காலுறை மறைந்துவிடவில்லை. காற்சட்டைக்குள் ஒடுங்கி, சாக்ஸாகச் சுருங்கியது.

பெண்களின் ஆடையானது எப்போது?

பெண்களும் பல நூற்றாண்டுகளாகக் காலுறை அணிந்தனர். ஆனால் தரை தொடும் பாவாடைக்குள் அது மறைந்திருந்தது. 1920களில் மேலை நாட்டுப் பெண்களின் பாவாடை முழங்கால் வரை உயர்ந்தபோதுதான் நிலைமை மாறியது. ஆண்களின் கால்கள் முழுவதுமாக மறைந்திருந்த காலத்தில் பெண்களின் கால்கள் வெளியே தெரிந்தன. பட்டும், செயற்கைப் பட்டான ரேயானும் பெண்களுக்கான காலுறைச் சந்தையை வளர்த்தன.

அடுத்த திருப்பம் நைலான். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் தலைமையிலான குழு 1935இல் இந்த இழையை உருவாக்கியது. 1940ஆம் ஆண்டு மே 15 அன்று நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் நைலான் முழுவதும் பாராசூட் உள்ளிட்ட போர்த் தேவைகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. போர் முடிந்து விற்பனை மீண்டும் தொடங்கியபோது கடைகளில் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. பிட்ஸ்பர்க் நகரில் 13,000 ஜோடி காலுறைகளுக்காகச் சுமார் 40,000 பேர் வரிசையில் நின்றதாக அக்காலச் செய்திகள் பதிவு செய்துள்ளன.

1959இல் அமெரிக்காவின் கிளென் ரேவன் ஆலை, உள்ளாடையையும் இரு காலுறைகளையும் இணைத்த பேன்டிஹோஸை அறிமுகப்படுத்தியது. 1960களின் குட்டைப் பாவாடை நாகரிகம் அதனை உலகெங்கும் கொண்டு சென்றது. விளம்பரங்கள், கடைகளின் பிரிவுகள், அளவுக் குறியீடுகள் என அனைத்தும் பெண்களை முன்னிறுத்தியே அமைந்தன. இன்று பலரும் இயற்கையானது என்று எண்ணும் பிரிவினைக்கு வயது ஏறத்தாழ 100 ஆண்டுகள் மட்டுமே.

முற்றிலும் மறையாத தடங்கள்

ஆண்களின் வாழ்விலிருந்து இந்த ஆடை முழுமையாக விலகவில்லை. பாலே நடனக் கலைஞர்கள், சர்க்கஸ் வித்தைக்காரர்கள், மல்யுத்த வீரர்கள் ஆகியோர் டைட்ஸை இடைவிடாது பயன்படுத்தி வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஊஞ்சல் வித்தை வீரர் ஜூல் லியோடார்டின் பெயரே உடலோடு ஒட்டிய ‘லியோடார்ட்’ உடைக்கு நிலைத்துவிட்டது. 1938இல் அறிமுகமான சூப்பர்மேனின் உடையும் அன்றைய சர்க்கஸ் பலசாலிகளின் உடையை ஒத்ததே. ஸ்பெயினின் காளைப்போர் வீரர்கள் இளஞ்சிவப்புக் காலுறை அணிகின்றனர். பிரிட்டனில் மூத்த வழக்கறிஞர்களின் சடங்கு உடையிலும் குட்டைக் காற்சட்டையும் கருங்காலுறையும் இன்றுவரை நீடிக்கின்றன.

விளையாட்டிலும் இதன் தடம் உண்டு. 1869இல் வெளிப்படையாக ஊதியம் பெற்று விளையாடிய முதல் தொழில்முறை பேஸ்பால் அணியின் பெயர் ‘சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ்’. இன்றைய பாஸ்டன் ரெட் சாக்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிகளின் பெயர்களும் அந்த மரபில் வந்தவையே.

1970களின் முற்பாதியில் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஜோ நமத், பேன்டிஹோஸ் விளம்பரம் ஒன்றில் அதனை அணிந்து தோன்றிப் பரபரப்பை ஏற்படுத்தினார். தாம் அதை வழக்கமாக அணிவதில்லை என்று விளம்பரத்திலேயே அவர் கூறியபோதிலும், ஆண்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட வீரர் ஒருவர் அவ்வாறு தோன்றியதே அன்று பேசுபொருளானது.

மீள்வருகைக்கான மூன்று வாயில்கள்

ஆண்கள் இந்த ஆடைக்குத் திரும்புவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது விளையாட்டு. 1958இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் இழை, பல மடங்கு நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும் தன்மை கொண்டது. ‘லைக்ரா’ என்ற வணிகப் பெயரில் அறியப்படும் இந்த இழை, மிதிவண்டி வீரர்கள், ஓட்ட வீரர்கள் ஆகியோரின் உடையாயிற்று. 2005-06 பருவத்தில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உள்ளிட்டோர் அரைக்காற்சட்டைக்குக் கீழ் நீண்ட டைட்ஸ் அணிந்து களமிறங்கியபோது, அதைத் தடை செய்யலாமா என்று அமெரிக்காவின் என்பிஏ அமைப்பு ஆலோசித்தது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலும் மாரத்தான் ஓட்டங்களிலும் ஆண்கள் இதை அணிவதை எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. இந்திய நகரங்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, குளிரும் வசதியும். கடுங்குளிர் நாடுகளில் காற்சட்டைக்குள் தடித்த உள்ளாடை அணிவதைவிட மெல்லிய டைட்ஸ் அணிவது எளிது என்று கருதுவோர் உள்ளனர். காற்சட்டை தோலில் உராய்வதையும் இது தவிர்க்கிறது. கட்டுமானப் பணியாளர்கள், வேட்டைக்காரர்கள், குதிரையேற்ற வீரர்கள் போன்றோர் இந்தக் காரணத்துக்காக இதனை நாடுகின்றனர்.

மூன்றாவது, தோற்றம். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய வடிவமைப்பாளர் எமிலியோ கவல்லினியின் நிறுவனம் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான டைட்ஸ் வரிசையை வெளியிட்டது ஊடகங்களில் பேசப்பட்டது. அக்காலத்தில்தான் ‘மேன்டிஹோஸ்’, ‘மெக்கிங்ஸ்’ போன்ற புதுச்சொற்கள் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்தன. ஆண்களுக்கெனத் தயாரிக்கப்படும் டைட்ஸில் கால் நீளமும் இடுப்பு வெட்டும் மாறுபடுகின்றன. முன்புறத்தில் கூடுதல் துணி அல்லது திறப்பு அமைக்கப்படுகிறது. கடைக்காரரின் பார்வைக்கு அஞ்சி வாங்கத் தயங்கியோருக்கு இணையவழி விற்பனை வழியைத் திறந்துவிட்டது.

எனினும், இது பெருந்திரளான மாற்றம் அல்ல. விளையாட்டு டைட்ஸ் பொதுவெளியில் இயல்பாகிவிட்டது. மெல்லிய நைலான் காலுறையோ இன்னும் பெரும்பாலும் காற்சட்டைக்கு உள்ளேயே இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இழைகளால் ஆனவை. ஒன்று ‘உடற்பயிற்சி’ என்ற பெயரில் ஏற்கப்படுகிறது. மற்றொன்று ‘அலங்காரம்’ என்ற பெயரால் தடுக்கப்படுகிறது.

மருத்துவம் சொல்வது என்ன?

இந்தத் தயக்கம் உடல்நலத்தைத் தொடும் இடமும் உண்டு. இதயத்திலிருந்து கால்களுக்கு வந்த இரத்தம், புவியீர்ப்பை எதிர்த்து மீண்டும் மேலே செல்ல வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளில் உள்ள சிறு வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு இந்தத் தசை இயக்கம் குறைகிறது. வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் கீழே தேங்கி, சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. இதுவே ‘வெரிகோஸ் வெயின்’ எனப்படும் சுருள்சிரை நோய். கால் கனத்தல், வீக்கம், தோல் கருமையடைதல் எனத் தொடங்கி, முற்றிய நிலையில் கணுக்கால் அருகே ஆறாத புண்ணாகவும் மாறக்கூடும்.

நீண்ட நேரம் நிற்பதுடன் பரம்பரை, வயது, உடல் எடை ஆகியவையும் இதற்குக் காரணிகளாகும். போக்குவரத்துக் காவலர்கள், பேருந்து நடத்துநர்கள், உணவகச் சமையலர்கள், முடிதிருத்துவோர், நூற்பாலைத் தொழிலாளர்கள், துணிக்கடை விற்பனையாளர்கள், பாதுகாவலர்கள் என இந்தியாவில் நின்றுகொண்டே பிழைக்கும் ஆண்கள் ஏராளம்.

இந்நோய்க்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் அடிப்படை உதவிகளுள் ஒன்று அழுத்தக் காலுறை. ‘கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ்’ எனப்படும் இது, கணுக்காலில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அழுத்தம் தரும்படி பின்னப்படுகிறது. இதன் நவீன வடிவத்தை 1950களில் பரப்பியவர் அமெரிக்காவில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட். சிரை நோயால் அவதிப்பட்ட அவர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதை உணர்ந்தார். நீரின் அழுத்தம் ஆழத்தில் மிகுந்தும் மேலே குறைந்தும் இருப்பதே காரணம் என்று கண்டு, அதே தத்துவத்தில் காலுறையை வடிவமைத்தார். இத்துறையின் முன்னோடி, தமக்காகவே காலுறை தேடிய ஓர் ஆண் நோயாளி என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் அழுத்தம் இரத்த அழுத்தத்தைப் போலவே மில்லிமீட்டர் பாதரச அளவில் குறிக்கப்படுகிறது. 15-20 என்பது இலேசான அழுத்தம். 20-30 மிதமானது. 30-40 வலுவானது. நீண்ட விமானப் பயணங்களில் இதனை அணிவது, அறிகுறியற்ற ஆழ்சிரை இரத்த உறைவைக் குறைப்பதாக மருத்துவ ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. ஏற்கெனவே புடைத்த சிரைகளை இது குணப்படுத்தாது. வலியையும் வீக்கத்தையும் கட்டுக்குள் வைக்கவே உதவும்.

பரிந்துரைக்கப்பட்ட காலுறையைப் பலர் தொடர்ந்து அணிவதில்லை என்பது மருத்துவத் துறை நன்கறிந்த சிக்கல். வெப்பம், அணிவதில் உள்ள சிரமம், விலை ஆகியவை முதன்மைக் காரணங்கள். ‘இது பெண்கள் அணிவது போல் உள்ளது’ என்ற கூச்சமும் சேர்ந்தால், பரிந்துரைத்த காலுறை பெட்டியிலேயே தங்கிவிடும். வேட்டி, லுங்கி, அரைக்காற்சட்டை அணியும் ஆண்களுக்குக் காலுறை வெளியே தெரியும் என்பதால் அந்தக் கூச்சம் கூடுதலாகும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

அழுத்தக் காலுறை அனைவருக்கும் ஏற்றதன்று. கால்களுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் இதனை அணிந்தால் இரத்த ஓட்டம் மேலும் குறைந்து தீங்கு நேரலாம். நீரிழிவால் கால் உணர்விழந்தவர்கள், இறுக்கத்தால் ஏற்படும் காயத்தை உணராமல் போகலாம். கடுமையான இதயச் செயலிழப்பு, தோல் தொற்று, ஆறாத புண் உள்ளவர்களும் மருத்துவரின் ஆலோசனையின்றி அணியக் கூடாது. ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் ஏற்பட்டால் காலுறையைத் தேடாமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடைகளில் விற்கப்படும் சாதாரண மெல்லிய டைட்ஸ் மருத்துவக் காலுறை ஆகாது. அழுத்தக் காலுறைக்குக் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவுகளை வீக்கம் குறைந்திருக்கும் காலை வேளையில் அளந்து வாங்குவதே முறை. பொதுவாகப் பகலில் அணிந்து, உறங்கும்போது கழற்றுவது வழக்கம்.

அழகுக்காக அணிவோரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நைலான் வியர்வையை உறிஞ்சாது. இந்தியாவின் கடலோர வெப்பத்தில் நாள் முழுவதும் அணிந்தால் விரலிடுக்குகளிலும் தொடை இடுக்குகளிலும் பூஞ்சைத் தொற்று ஏற்பட வாய்ப்புண்டு. பருத்தி கலந்தவற்றைத் தேர்வதும், அன்றாடம் துவைத்து உலர்த்துவதும், இடுப்புப் பட்டை இறுக்காத அளவில் வாங்குவதும் நலம்.

இந்தியாவுக்கு அந்நியமானதா?

கால்களோடு ஒட்டிய ஆடை இந்திய ஆண்களுக்குப் புதியதன்று. வட இந்தியாவின் சூடிதார் அதற்குச் சான்று. துணியைக் குறுக்குவாட்டில் வெட்டித் தைப்பதால் அது நெகிழ்ந்து காலோடு படிகிறது. கணுக்காலில் சேரும் மடிப்புகள் வளையல்களைப் போலத் தோன்றுவதால், வளையலைக் குறிக்கும் ‘சூடி’ என்ற சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பின்னப்பட்ட காலுறைகள் பரவுவதற்கு முன் ஐரோப்பிய ஆண்களின் காலுறையும் இதே குறுக்குவெட்டு முறையில் தைக்கப்பட்டது.

முதல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அச்கனுடன் சூடிதார் அணிந்தே பொதுவெளியில் தோன்றினார். அதே சூடிதார் தென்னிந்தியாவில் பெண்களின் ஆடையாகவே அறியப்படுகிறது. ஒரே உடை டெல்லியில் தலைவர்களின் உடையாகவும், தமிழ்நாட்டில் கல்லூரி மாணவியரின் உடையாகவும் இருப்பது, ஆடையின் பாலினத்தைத் துணி முடிவு செய்வதில்லை, வழக்கமே முடிவு செய்கிறது என்பதை உணர்த்துகிறது.

எதிர்ப்பு ஒருவழிப் பாதையா?

பெண்கள் ஆண்களின் உடையை ஏற்றபோதும் எதிர்ப்பு எழுந்தது. பாரிஸில் காவல்துறை அனுமதியின்றிப் பெண்கள் காற்சட்டை அணியக் கூடாது என்று 1800ஆம் ஆண்டில் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அது செல்லாது என்பதைப் பிரான்ஸ் அரசு 2013இல்தான் முறைப்படி அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே பெண்களின் காற்சட்டை உலகெங்கும் இயல்பாகிவிட்டது. பெண் ஆணுடையை அணிந்தால் முன்னேற்றமாகவும், ஆண் பெண்ணுடையை அணிந்தால் இறக்கமாகவும் பார்க்கும் மனப்பான்மையே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. பெண்களைத் தாழ்வாகக் கருதும் பழைய பார்வையின் மறுபக்கம் அது.

ஓர் ஆண் காலுறை அணிவதைக் கொண்டு அவரது பாலின அடையாளத்தையோ விருப்பத்தையோ ஊகிக்க இயலாது. சிலருக்கு அது தங்கள் அடையாளத்தின் வெளிப்பாடு. வேறு பலருக்குக் குளிர்காலத் தேவை அல்லது மருத்துவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டின் ஒரு வரி. இந்தியாவில் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று வழங்கப்பட்ட ‘நால்சா’ வழக்குத் தீர்ப்பில், ஒருவர் தமது பாலின அடையாளத்தை உடை வழியாக வெளிப்படுத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பணியிடங்களின் சீருடை விதிகள் தனி. ஆனால், சீருடைக் காற்சட்டைக்கு உள்ளே அணியும் காலுறை பிறர் பார்வைக்கே வருவதில்லை.

அடுத்து என்ன?

மெல்லிய நைலான் டைட்ஸ் இந்திய ஆண்களின் பொது உடையாக மாறும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இங்குள்ள வெப்பநிலையே அதற்குப் பெருந்தடை. ஆனால் விளையாட்டு டைட்ஸ், குளிர்கால உள்ளாடை, அழுத்தக் காலுறை ஆகிய மூன்றும் ஏற்கெனவே இந்திய ஆண்களின் அலமாரிக்குள் நுழைந்துவிட்டன.

இவற்றில் மூன்றாவது, பலருக்கு விருப்பமல்ல, தேவை. மாலையில் கால் வீங்கி வீடு திரும்பும் ஆண் ஒருவர், முழங்காலுக்குக் கீழ் புடைத்த சிரைகளைக் கண்டால் சிரை நோய் மருத்துவரையோ பொது அறுவை சிகிச்சை நிபுணரையோ அணுகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கான பரிசோதனை வசதி உண்டு. தமனி அடைப்பு இல்லை என்பதை உறுதிசெய்து, உரிய அழுத்த அளவை எழுதித் தருவது மருத்துவரின் பணி. அதன்பின் அதனை நாள்தோறும் அணிவதே நோயாளியின் பொறுப்பு.